ஒரு ஜீப்பும் அதன் பாடபேதங்களும்

ஓலைச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்தவர்களுக்கு இரண்டு தொல்லைகள் இருந்தன. ஒன்று, ஏடெழுதியவன் அறியாமல் செய்த பிழை. மற்றது, அறிந்தே செருகிய பாட்டு. பிழையைப் பிடிப்பது ஓரளவு எளிது. செருகலைப் பிடிக்க மொழியும் யாப்பும் காலமும் தெரிந்திருக்க வேண்டும். செருகியவனும் பல நேரங்களில் நல்ல புலவனாகவே இருந்துவிடுகிறான் என்பதுதான் சிக்கல். கம்பராமாயணப் பதிப்புகளில் 'மிகைப் பாடல்கள்' என்று தனியே அச்சிட்டிருக்கும் பகுதியைப் புரட்டியவர்களுக்கு இது விளங்கும். அவற்றுள் சிலவற்றைத் தள்ள மனம் வராது.

இந்தக் கலையை நாங்கள் கற்றது சுவடிகளிடமிருந்து அல்ல. அவனியாபுரத்தில் எங்கள் வீட்டுப் பின்புறம் ஓட்டுச் சாய்ப்பின் கீழ் நெடுங்காலம் நின்றிருந்த ஒரு ஜீப்பிடமிருந்து. நாங்கள் என்றால் அக்காவும் தம்பிகள் இருவரும். அப்பா காலமானபின் வீட்டைப் பிரித்துக்கொள்வதில் எங்களுக்குள் ஒரு சச்சரவும் எழவில்லை. ஜீப்பை என்ன செய்வது என்பதில்தான் ஓராண்டு ஓடிப்போயிற்று.

அந்த ஜீப்புக்கு ஒரு தலபுராணம் உண்டு. இரண்டாம் உலகப்போரின்போது, 1942-இல், இன்றைய மதுரை விமான நிலையம் இருக்குமிடத்தைப் பிரிட்டிஷ் விமானப்படை பயன்படுத்தத் தொடங்கியது. எங்கள் ஊரிலிருந்து அது கூப்பிடு தொலைவு. அந்தத் தளத்தில் ஓடிய ஜீப், போர் முடிந்து ஏலத்துக்கு வந்தபோது கைமாறிக் கைமாறி 1950-களில் தாத்தாவிடம் வந்தது என்பது அப்பா சொன்ன வரலாறு. மல்லிகை மூட்டை ஏற்றியதும், கல்யாண மாப்பிள்ளைகளைச் சுமந்ததும், தைப்பொங்கலன்று வாடிவாசல் கூட்டத்துக்கு நடுவே சிக்கி நின்றதும் பின்னால் வந்த காண்டங்கள். பாலகாண்டம் விமான தளத்தில்தான். அதை நாங்கள் ஒருபோதும் ஐயுற்றதில்லை.

ஐயத்தைக் கொண்டுவந்தவர் ஒரு தரகர். பழைய வாகனம் சேர்ப்பவர்களுக்கு வண்டி பிடித்துக் கொடுப்பவர். சுற்றிவந்து பார்த்தார், பானெட்டைத் தூக்கினார், மூடினார். 'இதில் பாதிக்கு மேல் மகிந்திரா. எஞ்சின் மேட்டடார் வேனுடையது. ஒரிஜினல் என்று சொல்ல என்ன இருக்கிறது?' என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, ஒரிஜினல் ஆக்கிவிடலாம், அதற்கு ஆட்கள் இருக்கிறார்கள், செய்துவிட்டால் விலை மூன்று மடங்கு என்றார். எங்களைச் சுட்டது அந்த 'ஆக்கிவிடலாம்' என்ற சொல். எது எங்கள் தாத்தாவிடம் வந்த வண்டி, எது அதில் பின்னால் ஏறியது என்பதைப் பிறர் வந்து ஆக்குமுன் நாங்களே அறிந்துகொள்ள வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தோம்.

*

உலகில் இது பெரிய வியாபாரம். அமெரிக்காவில் 1960-களில் வந்த, பெரிய எஞ்சின் பூட்டிய மஸ்டாங், கமாரோ, சார்ஜர் போன்ற முரட்டுக் கார்களை வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது 'எண்கள் பொருந்துகின்றனவா' என்பதைத்தான். ஆலையில் எந்தச் சேஸிஸில் எந்த எஞ்சின் ஏறியதோ அதுவே இன்றும் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வார்ப்பில் பதிந்த தேதி, தகட்டில் அடித்த குறி, திருகின் தலை எல்லாவற்றையும் விளக்குப் பிடித்துப் படிப்பார்கள். பொருந்தினால் ஒரு விலை, பொருந்தாவிட்டால் வேறு விலை. விலை இருக்குமிடத்தில் போலியும் இருக்கும். பழைய எண்ணைத் தேய்த்துவிட்டுப் புதிய எண்ணைக் குத்துகிற கைத்திறன் அங்கும் உண்டு.

நம் ஊரில் அந்தக் கார்கள் அரிது. போரோடு வந்த அமெரிக்க வண்டி என்றால் ஜீப்தான். அதன் மூலநூல் வரலாறே பாடபேதத்தில் தொடங்குகிறது. 1941-இல் அமெரிக்க இராணுவம், ஒஹையோ மாநிலத்து டொலீடோ நகரிலிருந்த வில்லிஸ்-ஓவர்லாண்ட் நிறுவனத்திடம் இந்த வண்டிக்கான ஒப்பந்தத்தை அளித்தது. ஒரே ஆலையை நம்பிப் போர் நடத்த முடியாது என்பதால், அவ்வாண்டின் இறுதியில் வில்லிஸின் வரைபடங்களைக் கொண்டே ஃபோர்டு நிறுவனமும் அதே வண்டியைச் செய்ய ஒப்புக்கொண்டது. வில்லிஸ் செய்தது எம்.பி.; ஃபோர்டு செய்தது ஜி.பி.டபிள்யூ. 1945-க்குள் வில்லிஸ் ஏறக்குறைய 3,60,000 வண்டிகளையும் ஃபோர்டு ஏறக்குறைய 2,80,000 வண்டிகளையும் செய்துவிட்டன. இரண்டுக்கும் 80 அங்குல சக்கர இடைவெளி. 134 கன அங்குலம், அதாவது 2.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், 60 குதிரைத்திறன். ஒன்றின் உறுப்பு மற்றதில் தயங்காமல் பொருந்த வேண்டும் என்பது இராணுவத்தின் நிபந்தனை.

ஆக, மாற்றிப் பொருத்துவதற்கென்றே படைக்கப்பட்ட வண்டி இது. போர்க்காலப் பட்டறைகளில் பழுதான ஜீப்புகளைப் பிரித்து, உறுப்புகளைக் கலந்து, மீண்டும் பூட்டி அனுப்பினார்கள். ஃபோர்டின் அச்சு வில்லிஸுக்கும், வில்லிஸின் கதவில்லாத தொட்டி ஃபோர்டுக்கும் அப்போதே போயின. 1944 முதல் இரண்டு ஆலைகளும் ஒரே வகைத் தொட்டியைப் பயன்படுத்தின. இதைப் படித்தபோது எங்களுக்கு ஒருபுறம் ஆறுதலாகவும் மறுபுறம் கலக்கமாகவும் இருந்தது. பிறந்த சில மாதங்களிலேயே கலந்துபோன ஒன்றில் 'அசல்' என்பது எதைக் குறிக்கும்?

*

எங்களுக்கு ஆசிரியராக வாய்த்தவர் எண்பதை நெருங்கும் ஒரு மேஸ்திரி. அப்பாவின் காலத்தில் இந்த ஜீப்பைத் தொட்டவர் அவர் ஒருவரே. கண் மங்கிவிட்டது, விரல் மங்கவில்லை. முதல் நாளிலேயே எங்களுக்கு ஒரு சூத்திரம் சொன்னார்.

'தம்பி, மினுமினுன்னு கண்ணுல படுறதெல்லாம் விட்ருங்க. கழட்டுறதுக்குச் சங்கடமான எடத்தப் பாருங்க. அது பொய் சொல்லாது.'

பாடபேத ஆராய்ச்சிக்கும் இதைவிடச் சிறந்த சூத்திரம் இருப்பதாகத் தெரியவில்லை. எளிதில் கழலும் கிரில், விளக்கு, பானெட், கண்ணாடிச் சட்டம் ஆகியவை ஒரு மோதலில் போய் ஒரு காயலான் கடையிலிருந்து வேறாகத் திரும்பி வந்துவிடும். சட்டத்தோடு பற்றவைத்த குறுக்கு இரும்பை யாரும் பொழுதுபோக்காக மாற்றமாட்டார்கள்.

முதலில் முகம். போர்க்கால ஜீப்பின் முன்தகட்டில் ஒன்பது பிளவுகள் இருக்கும். (வில்லிஸின் முதல் சுமார் 25,000 வண்டிகளில் தகடு இல்லை, இரும்புப் பட்டைகளைப் பற்றவைத்திருந்தார்கள். ஒரே தகட்டில் பிளவுகளை அழுத்தி எடுக்கும் வடிவம் ஃபோர்டினுடையது. வில்லிஸும் பிறகு அதையே ஏற்றது.) விளக்குகள் தகட்டுக்குப் பின்னால் உள்வாங்கி இருக்கும். அவற்றைக் கீலில் திருப்பி, இரவில் எஞ்சினைப் பழுது பார்க்க வெளிச்சமாகவும் பயன்படுத்தலாம். போருக்குப் பின் பொதுமக்களுக்காக வந்த ஜீப்பில் பிளவுகள் ஏழு. விளக்குகள் புடைத்து நிற்கும். எங்கள் வண்டியில் ஏழு. கண்ணாடிச் சட்டத்திலும் இரு கண்ணாடிகளுக்குப் பதில் ஒன்றே. அதுவும் பிற்காலத்தது. முகத்தைப் பொறுத்தவரை தரகர் சொன்னது மெய்தான்.

1949-இல் பம்பாய் மசகானில் மகிந்திரா நிறுவனம் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கியபின் பின்தலைமுறை ஜீப்பின் உறுப்புகள் இங்கே தாராளமாகக் கிடைத்தன. போர்க்கால உறுப்பைத் தேடி அலைவதைவிட உள்ளூரில் கிடைத்ததைப் பூட்டுவது சுலபம். அப்படித்தான் நாடு முழுதும் போர் ஜீப்புகளின் முகங்கள் மாறின. இதில் ஏமாற்று ஒன்றுமில்லை. வண்டி மறுநாள் காலை வயலுக்குப் போயாக வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது ஸ்டியரிங். போர்க்கால ஜீப்புகளுக்கு இடப்பக்க ஸ்டியரிங். எங்களுடையது வலப்பக்கம். ஆனால் மேஸ்திரி எஞ்சினுக்கும் ஓட்டுநருக்கும் நடுவிலுள்ள தகட்டுச் சுவரின் இடப்பக்கத்தை விரலால் தடவி, அக்காவின் கையைப் பிடித்து அங்கே வைத்தார். பெயிண்டுக்கும் பட்டிக்கும் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஒட்டு தட்டுப்பட்டது. ஸ்டியரிங் தண்டு போன துளையை அடைத்த இடம். கீழே இடப்பக்கச் சட்டத்தில், எதையும் தாங்காமல் வெறுமையாகச் சில போல்ட் துளைகள். ஒரு காலத்தில் இந்த வண்டியை இடப்பக்கம் அமர்ந்து ஓட்டியிருக்கிறார்கள்.

அப்போதுதான் எங்கள் மூவருக்கும் ஒரே நேரத்தில் ஒன்று நினைவுக்கு வந்தது. பங்க்கில் நின்றால் அப்பா இறங்கமாட்டார். அம்மாதான் இறங்க வேண்டும். இடப்பக்க இருக்கையின் மெத்தையைத் தூக்கினால் அதன் கீழே டாங்க்கின் மூடி. கைக்குழந்தையோடும் தாம்பூலப் பையோடும் அம்மா இறங்கி நிற்பதும், 'இந்த வண்டியைச் செஞ்சவனுக்குப் பொம்பளைங்க உக்காருவாங்கன்னு தெரியாதா' என்று கேட்பதும் வீட்டில் நிலைத்துவிட்ட வேடிக்கை. அந்தக் கேள்விக்கு விடை இப்போதுதான் கிடைத்தது. போர்க்கால ஜீப்பில் டாங்க் ஓட்டுநரின் இருக்கைக்குக் கீழே இருந்தது. இறங்க வேண்டியவன் ஓட்டுநர்தான். ஸ்டியரிங்கை வலப்பக்கம் கொண்டுபோனவர்கள் டாங்க்கைக் கொண்டுபோகவில்லை. பின்னால் வந்த ஜீப்புகளில் எண்ணெய் ஊற்றும் வாய் வெளியே வந்துவிட்டது. ஆக, அம்மாவின் நாற்பதாண்டு எரிச்சல் இந்த வண்டியின் காலத்துக்கு ஒரு சான்று. இலக்கணக்காரர்கள் பிழை என்று திருத்த முனையும் ஒரு சொல்தான் பாட்டின் பழமையைக் காட்டிக்கொடுக்கும் என்பார்களே, அது போல.

வில்லிஸா ஃபோர்டா என்பதற்குச் சோதனை, முன்னால் இருக்கும் குறுக்கு இரும்பு. வில்லிஸில் அது உருண்டைக் குழாய். ஃபோர்டில் கவிழ்த்த 'ப' வடிவம். தரையில் சாக்கு விரித்துப் படுத்து, நாற்பது ஆண்டு எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டினோம். கவிழ்த்த 'ப'. இடப்பக்கச் சட்டத்தின் மேல்முகத்தில், துருவுக்கு அடியிலிருந்து எழுத்துகள் ஒவ்வொன்றாக எழும்பின. ஜி.பி.டபிள்யூ. அடுத்து நான்கு இலக்கங்கள் தெளிவாக. பின் இரண்டு இலக்கங்கள் துரு தின்ற பள்ளமாக. (வில்லிஸ் தன் எண்ணைத் தனித் தகட்டில் அடித்துச் சட்டத்தில் பதித்தது, ஃபோர்டு சட்டத்திலேயே குத்தியது. தகடு தொலையும்; சட்டம் தொலையாது.) ஆர்.சி. புத்தகத்தின் மங்கிய எண்ணில் முதல் நான்கு இலக்கங்கள் இவையே. கடைசி இரண்டு அங்கேயும் மடிப்பில் கிழிந்துபோயிருந்தன.

கடைசியாகத் திருகுகள். ஃபோர்டு தன் வண்டியின் உறுப்புகளிலும் போல்ட் தலைகளிலும் ஆங்கில 'எஃப்' எழுத்தைப் பொறித்திருந்தது. தன் பொருளுக்கு மட்டுமே தான் பொறுப்பு என்று காட்டிக்கொள்ள அப்படிச் செய்தது என்பார்கள். எங்கள் வண்டியில் பதினேழு போல்ட்டுகளில் அந்த எழுத்தைக் கண்டோம். பதினேழும் யாரும் கைவைக்காத இடங்களில் இருந்தன. கண்ணில் படும் இடத்து போல்ட்டுகள் அனைத்தும் தெற்குமாசி வீதிக் கடைச் சரக்கு.

*

எஞ்சினைப் பற்றி ஆராய ஒன்றுமில்லை. அதை மாற்றியது எங்கள் கண்முன்னே. பெட்ரோல் எஞ்சின் லிட்டருக்கு ஆறேழு கிலோமீட்டர்தான் கொடுத்தது. 1980-களின் கடைசியில், அப்பா அதை இறக்கிவிட்டு மேட்டடார் வேனின் டீசல் எஞ்சினை ஏற்றினார். அன்றைக்குத் தமிழ்நாட்டில் அம்பாசிடர் வைத்திருந்தவர்களும் செய்த காரியம்தான் இது. இறக்கிய எஞ்சின் கொஞ்ச காலம் கிணற்றடியில் கிடந்து, பிறகு எடைக்குப் போயிற்று.

தரகரின் திட்டம் இந்த இடத்தில்தான் நுழைந்தது. ஃபோர்டு ஜீப்பில் ஆலையை விட்டு வரும்போது சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் ஒன்றாகவே இருந்தன, வில்லிஸில் அப்படியில்லை. ஆகவே எங்கோ கிடக்கும் ஒரு பழைய பெட்ரோல் எஞ்சினை வாங்கி, அதன் எண்ணைத் தேய்த்து, எங்கள் சேஸிஸ் எண்ணைக் குத்திவிட்டால் அது 'எண் பொருந்திய' வண்டி. துரு தின்ற இரண்டு இலக்கங்களையும் 'பொருத்தமாக' நிரப்பிவிடலாம். டாஷ்போர்டில் பதிக்க வேண்டிய தகடுகள் புத்தம் புதிதாக அச்சடித்தே கிடைக்கின்றன. கொஞ்சம் அமிலத்தில் நனைத்தால் எண்பது வயதாகிவிடும். சட்டமும் இப்போது அசலுக்கு மதிப்புக் கொடுக்கிறது என்றார். 2021 ஜூலையில் ஒன்றிய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதற்பதிவு ஆகி 50 ஆண்டு கடந்து, பெருமாற்றம் ஏதுமின்றி மூல வடிவிலேயே பேணப்பட்ட வண்டியைப் பாரம்பரிய வாகனமாகப் பதியலாம், 20,000 ரூபாய் கட்டணம், 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு தனிப் பதிவெண். எங்கள் வண்டி இன்றிருக்கும் நிலையில் அந்த வாசலில் நிற்க முடியாது.

சேஸிஸ் எண்ணில் கைவைப்பது குற்றம் என்பது எங்களுக்குத் தெரியும். ஆனாலும் மூன்று மடங்கு விலை என்பது ஓர் இரவாவது தூக்கத்தைக் கெடுக்கும் தொகை. பெரிய தம்பிக்கு மகளின் படிப்புச் செலவு இருந்தது. எண்ணைத் தொடாமல் மற்றவற்றையாவது மாற்றினால் என்ன என்று அவன் கேட்டான். ஒன்பது பிளவு கிரில், இரட்டைக் கண்ணாடிச் சட்டம், பெட்ரோல் எஞ்சின், இடப்பக்க ஸ்டியரிங் - அனைத்தும் காசு கொடுத்தால் வரும். அது பொய்யாகாது, சீரமைப்புத்தான் என்றான். நியாயமான கேள்வி. உலகமெங்கும் நல்லவர்கள் செய்யும் வேலைதான் அது.

விக்கிரமாதித்தனிடம் வேதாளம் சொன்ன தலை மாறிய கதையை அன்றிரவு பேசிக்கொண்டிருந்தோம். கணவன் தலை ஓர் உடலிலும் மற்றவன் தலை வேறுடலிலும் பொருந்திவிட, கணவன் யார் என்பது கேள்வி. தலை எங்கேயோ அவனே கணவன் என்பது விக்கிரமாதித்தன் தீர்ப்பு. தாமஸ் மன் இதை 1940-இல் குறுநாவலாக்கினார். கிரீஷ் கர்னாட் 'ஹயவதன'த்தில் நாடகமாக்கினார். இருவருக்கும் அந்தத் தீர்ப்போடு கதை முடியவில்லை. வண்டியில் தலை எது? சட்டம் சேஸிஸ் என்கிறது. சேகரிப்பவர் எஞ்சின் என்கிறார். தெருவில் போகிறவனுக்கு முகம்தான் தலை.

மறுநாள் மேஸ்திரி, கழற்ற வேண்டியவற்றைச் சுண்ணாம்புக் கட்டியால் குறித்துக்கொண்டே வந்தார். கிளட்ச் பெடலில் சுண்ணாம்பு நின்றுவிட்டது. பெடலின் மேல் இரண்டு அங்குல உயரத்துக்கு ஓர் இரும்புக் கட்டை பற்றவைத்திருந்தது. எந்த ஜீப்பிலும், எந்த ஆலையிலும் இல்லாத உறுப்பு.

'இது நாந்தேன் வச்சது. பாப்பாவுக்குக் கால் எட்டலேன்னு உங்கப்பாரு ராத்திரி எட்டு மணிக்கு வந்து நின்னாரு. காலைல ஓட்டிப் பழகணும், இப்பவே வச்சுக் குடுய்யான்னாரு.'

பாப்பா என்பது அறுபதை எட்டிக்கொண்டிருக்கும் எங்கள் அக்கா. 1985-இல் எங்கள் தெருவில் வண்டி ஓட்டிய முதல் பெண். சீரமைப்பில் முதலில் அறுபட வேண்டியது அந்தக் கட்டைதான். பெரிய தம்பி சுண்ணாம்புக் கட்டியை மேஸ்திரியிடமிருந்து வாங்கிக்கொண்டான்.

*

இப்படிப் பார்த்து முடித்தபோது எங்களுக்குத் தெளிவானவை இவை. சேஸிஸ் ஃபோர்டினுடையது, 1942-க்கும் 1945-க்கும் இடையில் அமெரிக்காவில் பிறந்தது. இடப்பக்கம் ஓடிப் பின் வலப்பக்கம் மாறியது. தொட்டியின் பின்மூலைக் கருவிப் பெட்டிகள் இரண்டும் பழையவை. பின்கதவு உள்ளூரில் வெட்டிச் செய்தது. முகம் பம்பாய். எஞ்சின் வேனுடையது. அப்பா சொன்ன போர்க்கால ஜீப் என்பது உறுதியாயிற்று. அவனியாபுரத்து விமான தளத்தில் நின்ற ஜீப்தானா என்பதை எந்த போல்ட்டும் சொல்லவில்லை. அசல் உறுப்புகள் ஒரு வண்டி எங்கே செய்யப்பட்டது என்று சொல்லும். எங்கே வாழ்ந்தது என்பதைச் சொல்வது மாற்றிய உறுப்புகள் மட்டுமே.

நாங்கள் ஜீப்பைச் சீரமைக்கவில்லை. நாலு பக்கத்தில் ஒரு பட்டியல் எழுதினோம். மூலத்தில் உள்ளவை, காலத்தால் அடுத்தவை, எங்கள் வீட்டில் சேர்ந்தவை என்று மூன்று பத்திகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அதை எப்படி அறிந்தோம் என்ற குறிப்பு: பார்த்தது, மேஸ்திரி சொன்னது, அப்பா சொன்னது. விமான தளம் மூன்றாவது வகையில் நின்றது. தரகர் பட்டியலைப் படித்துவிட்டு, இதை யாரிடமும் காட்டாதீர்கள் என்றார். காட்டினோம். திண்டுக்கல் பக்கத்து இளைஞர் ஒருவர் இரண்டு மணிநேரம் பட்டியலை வைத்துக்கொண்டு வண்டியின் அடியில் படுத்திருந்துவிட்டு, தரகர் சொன்னதில் மூன்றிலொரு பங்கு விலைக்கு எடுத்துக்கொண்டார். கிளட்ச் கட்டையைக் கழற்றித் தரட்டுமா என்று அக்காவிடம் கேட்டார். வேண்டாம், அது அதன் இடத்தில் இருக்கட்டும் என்றாள் அக்கா.

அவருக்கு எழுதிக் கொடுத்த பட்டியலின் தலைப்பில் சேஸிஸ் எண் இருக்கிறது. உ.வே.சாமிநாதையர் 1894-இல் பதிப்பித்த புறநானூற்றைப் படித்தவர்களுக்குத் தெரியும், ஏடு சிதைந்து சொல் போன இடங்கள் அந்நூலில் உண்டு. அத்தகைய இடங்களில் நம் பதிப்பாசிரியர்கள் தம் புலமையால் நிரப்பாமல் புள்ளியிட்டு விடுவார்கள். ஜி.பி.டபிள்யூ. என்ற எழுத்துகளுக்கும் நான்கு இலக்கங்களுக்கும் அடுத்து நாங்களும் இரண்டு புள்ளிகள் வைத்திருக்கிறோம்.